நிறுத்தத் தெரியாத சார்ஜர்

வீட்டுக் கராஜில் வைக்க ஒரு கார்ப் பற்றரிச் சார்ஜர் வேண்டும் என்று கடைக்கு ஆள் வந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தட்டிலிருந்து இரண்டு பெட்டியை இறக்கி மேசையில் வைக்கிறீர்கள். இது இத்தனை அம்பியர், அது அத்தனை அம்பியர், இதற்கு உத்தரவாதம் உண்டு, அதற்கு இல்லை என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிக்கிறீர்கள். வந்தவர் இரண்டையும் தூக்கிப் பார்க்கிறார். எது பாரமோ அதை வாங்கிக்கொண்டு போகிறார். நீங்களும் சந்தோசமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கிறீர்கள். ஓய்வு பெற்றவன் வாயை மூடிக்கொண்டு ஓரமாக இருக்கவேண்டும் என்பதால் நானும் இருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்றைக்கு வாயை மூடப்போவதில்லை. தேத்தண்ணி குடிக்கிறவர்கள் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் ஆட்களுக்குப் பாரமான சாமான் என்றால் நல்ல சாமான். அம்மிக்கு அது சரி. சார்ஜருக்குச் சரியில்லை. அந்தப் பழைய பாரமான பெட்டிக்குள் இருப்பது இரும்பும் செம்புக் கம்பியும்தான். மூளை என்று ஒன்று கிடையாது. பற்றரி நிரம்பிவிட்டதா, செத்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் நிறுத்தும்வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருக்கும். கராஜில் நாள் முழுக்கப் பற்றரியோடு நிற்கிற மெக்கானிக்குக்கு அது போதும், ஏனென்றால் மூளையை அவன் கொண்டுபோகிறான். வீட்டில் பூட்டிவிட்டுப் படுக்கப் போகிறவருக்கு, நிரம்பியதும் தானாக நிறுத்துகிற சார்ஜர்தான் வேண்டும். கவ்வியைக் கூட்டல் கழித்தல் மாறிக் கொழுவினால் வேலை செய்யாமல் நிற்கிற சார்ஜர் வேண்டும். பற்றரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு அம்பியர் கொடுத்தால் போதும், அதற்கு மேல் அவசரம் எதற்கு? அது கையில் எடுத்தால் சோப்புப் பெட்டி போல இருக்கும். இருக்கட்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கனடாவிலிருந்து அண்ணன் வரும்போது கொண்டுவந்த சார்ஜர். அங்கே கறண்ட் இங்கத்தையதில் பாதி. இவர்கள் பிளக்கின் தலையை மட்டும் வெட்டி மாற்றிப்போட்டு எங்கள் சுவரில் குத்துவார்கள். அண்ணனின் பாசம் அந்த இடத்திலேயே புகையாகிப் போகும். அதுகூடப் பெரிய ஆபத்தில்லை, புகைந்ததும் ஆள் பிடுங்கிவிடுவார். புகையாமல், சத்தமில்லாமல், மாதக்கணக்காக வேலை செய்கிற பிழையான சார்ஜருக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

அதனால் வீட்டுக்குச் சார்ஜர் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது அம்பியர் இல்லை. "அந்தக் கராஜுக்குள்ளை ஆர் போய்வாறது? என்னத்துக்குப் போறது?" என்றுதான் கேட்பேன். பலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்த வீடு ஒன்று கொக்குவிலில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களை இருத்தி வைத்திருக்கிறேன்.

நான் வேலையிலிருந்து விலகுவதற்குச் சற்று முந்திய மாரிகாலம். ஒருநாள் மத்தியானம் குடையை மடக்கியபடி ஒருவர் கடைக்குள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், அரசாங்க உத்தியோகத்தர் போன்ற தோற்றம். மேசையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என் பக்கமாகக் குனிந்து கதைத்தார். அவருடைய தமையன் அந்த வருடத் தொடக்கத்தில் நெஞ்சுவலி வந்து காலமாகிவிட்டார். தமையனின் மனைவி கொக்குவில் வீட்டில் தனிய இருக்கிறார். ஓய்வு பெற்ற சங்கீத ரீச்சர். ஒரே மகன் லண்டனில். தான் வரும்போது அப்பாவின் கார் ஓடக்கூடியதாக இருக்கவேண்டும் என்று மகன் சொல்லியிருக்கிறான். ரீச்சருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் இவர்தான் ஒரு சார்ஜர் வாங்கிக் கொண்டுபோய்க் காரோடு பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அவ்வளவும் சாதாரணமாகச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். மச்சாள், அதாவது அந்த ரீச்சர், கார் பக்கத்தில் போய் நின்று கதைக்கிறாராம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கவலையில் மனிதர் கதைப்பதுதானே. ஆனால் காருக்குள்ளிருந்து பதில் வருகிறது என்று சொல்கிறாராம்.

"நானும் ஒருநாள் கேட்டனான் அண்ணை," என்றார் அவர். "அதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு. நீங்கள் ஒருக்கா வந்து பாத்து, உது மெஷின்தான் எண்டு அவவுக்கு நேரை சொல்லவேணும். நான் சொன்னால் கேக்கிறா இல்லை."

என்ன மாதிரிச் சார்ஜர் என்று கேட்டேன். நல்ல பாரமானது என்றார். பெருமையோடு சொன்னார், பாவம். எங்கே வாங்கினார் என்று கேட்கவில்லை. எங்கே வாங்கியிருந்தாலும் அதை விற்றவன் உங்களைப் போல ஒருவன்தான். முகவரியைக் கேட்டுக்கொண்டு கடை வானை ஓட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். தான் கந்தோர் வேலை முடிந்து நேராக அங்கே வந்துவிடுவதாக அவர் சொன்னார்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பின்னேரம்தான், ஆனால் வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. உயர்ந்த மதில், இரும்புக் கேற், உள்ளே நல்ல பெரிய வளவு. வீட்டோடு ஒட்டினாற்போல் கராஜ், அதன் றோலர் கதவு இழுத்து மூடியிருந்தது. கேற்றைத் தட்டியதும் ரீச்சரே வந்து திறந்தார். வெள்ளைப் பருத்திச் சேலை, நிமிர்ந்த நடை. மனம் குழம்பிய ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு அவரைக் கண்டதும் வெட்கமாக இருந்தது. என்னைவிடத் தெளிவாகக் கதைத்தார்.

விறாந்தையில் இருத்தி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். முதலில் வந்தது மணமாம். கூழ்முட்டை மணம். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கராஜ் முழுக்கக் கூட்டித் துடைத்திருக்கிறார். எலியும் இல்லை, பல்லியும் இல்லை. மணம் போகவுமில்லை. பிறகு ஒரு முனகல். அவருடைய கணவர் கார் ஓடும்போது எப்போதும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டுதான் ஓட்டுவாராம். ஆனால் சுருதியில் நிற்க மாட்டார். பக்கத்தில் இருந்து கொண்டு ரீச்சர் அதற்காக அவரை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார்.

"இப்ப சுருதி விலகாமல் பாடுறார் தம்பி," என்றார். "ஒரே சுரம். ஒரு மயிரிழைகூட அசையிறதில்லை. நான் சுருதிப் பெட்டியை வைச்சுப் பாத்தனான்."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். பரிசுக்குப் பாடிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் ஒரு சிரிப்பு.

இன்னும் சொன்னார். முனகலுக்கு அடியில் ஒரு கிசுகிசுப்பு இருக்கிறதாம். யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று விடாமல் கதைப்பதுபோல. சொல் விளங்காது, ஆனால் கதைப்பது விளங்கும். அதற்குப் பிறகு, ஒவ்வொரு நாளும் பொழுதுபடுகிற நேரம், கார்ப் பூட்டு விழும். டக் என்று நான்கு கதவும். லைற் ஒருதரம் மின்னி அணையும். அவர் உயிரோடு இருந்த காலத்தில் வேலையால் வந்து காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் ஏறுகிற அதே நேரம்.

பயமில்லையா என்று கேட்டேன்.

"கட்டின மனுசனுக்கு ஏன் தம்பி பயப்பிடவேணும்?"

பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். குசினிக்குப் பக்கத்து ஒடுங்கின நடையால் போனால் கராஜுக்குள் இறங்க ஒரு சின்னக் கதவு. ரீச்சர் அதைத் திறந்துவிட்டு, தனக்கு வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

கராஜுக்குள் நான் மட்டும். மணம் முகத்தில் அடித்தது. கண் கரித்தது. சுவரின் மேற்பக்கம் காற்றுப்போக விட்டிருந்த துவாரங்களை மழைச்சாரல் அடிக்காமல் இருக்க யாரோ நீலத் தறப்பாளால் வெளியிலிருந்து இறுக்கி மூடியிருந்தார்கள். அந்த நீல வெளிச்சத்தில் கார் வாயைத் திறந்தபடி நின்றது. ஆம், பொனற் திறந்தே இருந்தது, சார்ஜர் வயர் உள்ளே போகவேண்டுமே. பக்கத்துப் பலகையில் சார்ஜர். அவர் சொன்னது மெய்தான், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம். மீற்றரில் முள் அடியில் கிடந்தது. சத்தம் ஒன்றுமில்லை. றோச்சை அடித்துப் பற்றரியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வீங்கி, தலையில் வெள்ளையாகப் பூத்து, நாள்பட்ட புண் மாதிரிக் கிடந்தது.

றோச் வெளிச்சம் அப்படியே சுவரில் ஏறியது. பொனற்றுக்கு நேரே, கை எட்டும் தூரத்தில், ஒரு சின்னத் தட்டு. அதில் ரீச்சரின் மனுசனின் படம். மாலை போட்டிருந்தது. படத்துக்கு மேலே சுவர் கறுத்திருந்தது. விளக்குப் புகை.

அந்தக் கறுப்பைக் கண்ட நேரத்தில் எனக்குப் பேய் எல்லாம் மறந்துபோனது. பற்றரி அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால், பொறி பட்டதும் வெடிக்கிற ஐதரசன் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மணப்பது அசிற்றோடு வருகிற வேறொரு வாயு. அது வந்தால் இதுவும் வந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த மனுசி ஒவ்வொரு நாளும் அதற்குப் பக்கத்தில் விளக்குக் கொளுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். மேலே துவாரம் திறந்திருந்ததால் இவ்வளவு காலமும் தப்பியிருக்கிறார். இப்போது அதையும் மூடியாயிற்று.

முதலில் கவ்வியைக் கழற்றுவோம் என்று கையை நீட்டினேன். சார்ஜர் ஓடவில்லைத்தானே.

அப்போது அது முனகத் தொடங்கியது.

யாரும் தொடவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து சார்ஜர் பலகை எட்டாத தூரம். முள் நடுங்கி நடுங்கி ஏறியது. முனகல் ஒரே சுரத்தில், ரீச்சர் சொன்னது போலவே, அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் பற்றரிக்குள்ளிருந்து கிசுகிசுப்பு வந்தது. பற்றரி கொதிக்கிற சத்தத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்டவன் நான். எத்தனையோ பற்றரியைக் கொதிக்க வைத்தவன். அப்படியிருந்தும் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், என்ன சொல்கிறது என்று கேட்க நான் காதைக் கொடுத்தேன். இடுப்பை வளைத்து, தலையைச் சரித்து, கதவுக்கு அந்தப் பக்கத்துக் கதையைக் கேட்கிற ஆள் மாதிரி நின்றேன். இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் ஒரு சொல்லாவது பிடிபடும் போல இருந்தது.

டக்.

நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. லைற் ஒருதரம் மின்னியது. சுவர் மஞ்சளாகி, படத்துக் கண்ணாடி மினுங்கி, திரும்பவும் எல்லாம் நீலமானது. "அம்மாளாச்சி" என்று என் வாய் தானாகச் சொல்லியது. பின்னுக்குப் போய்ச் சுவரோடு முட்டிக்கொண்டு நின்றேன்.

சுவரில் முட்டியதும் முதுகில் ஒரு வயர் தட்டுப்பட்டது. அதுதான் எனக்குப் புத்தியைத் திருப்பித் தந்தது. சார்ஜர் பிளக்குக்கு வந்த வயர், கேற் லைற்றுக்குப் போகிற வயரிலிருந்து இழுத்திருந்தது. பொழுதுபட ரீச்சர் வீட்டுக்குள் இருந்து கேற் லைற்றைப் போடுகிறார், சார்ஜரும் கூடவே எழும்புகிறது. விடியலில் அணைக்கிறார், அதுவும் படுக்கிறது. உள்ளறைகளில் ஒன்று செத்துப்போன பற்றரி பகல் முழுக்க இறங்கிக் கிடந்துவிட்டு, கறண்ட் வந்து கொஞ்ச நேரத்தில் தலை தூக்குகிறது. காரின் திருட்டு அலாம் அப்போது கண் விழித்து, கதவைப் பூட்டி, லைற்றை ஒருதரம் மின்னுகிறது. அவ்வளவுதான் விசயம். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் திரும்பினேன். ரீச்சர் வாசலில் நின்றார். கையில் எரிகிற விளக்கு. காற்றுப் படாமல் மற்றக் கையால் அணைபிடித்திருந்தார்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இந்தத் தொழிலில் உங்களுக்கு ஒரேயொரு தரமாவது இப்படி ஒரு நேரம் வரும்.

கத்தலாம். கத்தினால் அவர் திடுக்கிட்டு விளக்கைக் கைவிடுவார். ஓடிப்போய்ப் பறிக்கலாம். எண்ணெயும் நெருப்பும் இரண்டு பேர் கையில் இழுபடும். கவ்வியைப் பிடுங்கினால் பற்றரியின் தலையிலேயே பொறி பறக்கும். சுவர்ச் சுவிச்சை அணைத்தாலும் அதற்குள்ளே ஒரு பொறி உண்டு. ஊதி அணையுங்கள் என்று சொல்லலாம். சைவ வீட்டில் ஒரு மனுசி, புருசனுக்கு ஏற்றின விளக்கை, முன்பின் தெரியாத ஒரு பற்றரிக்காரன் சொன்னான் என்று வாயால் ஊதி அணைப்பாளா? ஏன் என்று கேட்பார். நான் ஐதரசன் பற்றி விளக்கவேண்டும். விளக்கி முடிக்க முன்னமே அவர் உள்ளே இறங்கிவிடுவார். அவருடைய தட்டு இந்தப் பக்கம் இருக்கிறது. படி மூன்றோ நான்கோ, அவ்வளவுதான்.

"ரீச்சர், அதிலையே நில்லுங்கோ," என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. நின்றார்.

ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை, விளக்கை. பின்னால் குசினிப் பக்கமிருந்து வந்த காற்றில் சுடர் சரிந்து, நேரே காரைப் பார்த்து நீண்டிருந்தது. பற்றரி கிசுகிசுத்துக்கொண்டிருந்தது.

"பாருங்கோ தம்பி, கூப்பிடுறார்," என்றார் ரீச்சர். காலைத் தூக்கிக் கீழ்ப்படியில் வைத்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது.

"கூப்பிடேல்லை ரீச்சர். வழி கேக்கிறார். வீட்டுக்கு வாற ஆளுக்கு விளக்கை வாசல்லையல்லோ வைக்கிறது? கேற்றடியிலை வெளிச்சம் இருந்தால்தானே அவருக்கு வழி தெரியும்."

அவர் அசையவில்லை. முனகல் அதே சுரத்தில் நின்றது. மேலே தறப்பாளில் மழை அடிக்கத் தொடங்கியது. என் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. ரீச்சர் சுடரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் பதிலை யோசித்துப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் முன்வாசலால் குடை பிடித்துக்கொண்டு கேற்றடிக்குப் போனார். அங்கே தூணில் மழை படாத ஒரு மாடம் இருந்தது, அதில் விளக்கை வைத்தார். நான் விறாந்தையில் மெயின் சுவிச்சைத் தேடி அணைத்தேன். வீடு முழுக்க இருட்டானது. கராஜுக்குள் முனகல் அடங்கியது இங்கேயே கேட்டது. மழைக்குள் இறங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிப்போய்த் தறப்பாளைக் கிழித்தெறிந்தேன், றோலர் கதவைத் தூக்கினேன். பிறகு விறாந்தைப் படியில் போய் இருந்தேன். நன்றாகக் காற்றுப் போகும்வரை காத்திருந்துதான் கவ்வியில் கை வைத்தேன்.

ஒன்றை நினைவில் வைத்திருங்கள். பயந்து நிற்கிற ஆளுக்கு விளக்கம் சொல்லலாம். கையில் நெருப்போடு நிற்கிற ஆளுக்கு விளக்கம் சொல்லக்கூடாது. முதலில் நெருப்புக்கு வேறு இடம் காட்டவேண்டும். விளக்கம் பிறகு.

பிறகு அதையும் சொல்லவேண்டி வந்தது. கடைக்கு வந்திருந்த அந்த மைத்துனர் கந்தோரால் வந்து சேர்ந்தார். விளக்கு கேற்றடியில் எரிவதையும் நான் ஈரத்தோடு இருப்பதையும் கண்டு பதறினார். நடந்ததைக் கேட்டதும் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் வந்த காரியத்தை மறக்கவில்லை. ரீச்சரைக் கதிரையில் இருத்திவிட்டு, "இப்ப சொல்லுங்கோ அண்ணை" என்றார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மணம் பற்றரியுடையது. கிசுகிசுப்பு அசிற் கொதித்த சத்தம். பூட்டு அலாமின் வேலை. நேரம் தவறாமல் வந்ததற்குக் காரணம் அவரே போட்ட கேற் லைற். ரீச்சர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்தச் சுருதி?"

"அது கறண்டின்ரை சத்தம் ரீச்சர். எந்த வீட்டிலை பூட்டினாலும் உதே சுருதிதான்."

"எந்த வீட்டிலையுமோ," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வீட்டில் இரண்டாம் தரம் செத்தவீடு நடத்தியது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. மைத்துனர் முகத்தில் பெரிய நிம்மதி. அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் என்ன செய்வார்? அவருடைய தமையன் மனைவிக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்று தெரிந்த சந்தோசம் அவருக்கு. ஒரு பாரமான பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

அந்தப் பற்றரியையும் சார்ஜரையும் தூக்கிக் கடை வானுக்குள் ஏற்றினேன். மகன் வருகிற நாள் தெரிந்ததும் புதுப் பற்றரி போடலாம், அதுவரைக்கும் காருக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். தானாக நிறுத்துகிற சார்ஜர் ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதற்குத் தனிப் பிளக் இழுக்கவேண்டும், துவாரங்களை எந்த மழைக்கும் மூடக்கூடாது, படத்தை வீட்டுக்குள் கொண்டுபோகவேண்டும் என்று மைத்துனருக்குச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். ரீச்சர் கேற்றடி மட்டும் வந்து வழியனுப்பினார். நன்றி என்று சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மழை இல்லை. பொழுதுபட்டு, கடையில் சாமானை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பற்றரி என் மேசையில் இருந்தது. மத்தியானம் சோதித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தேன், ஒன்றுக்கும் உதவாத நிலை. போன் அடித்தது. ரீச்சர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தம்பி, இண்டைக்கு வந்து காருக்குப் பற்றரி ஏதும் பூட்டினனீங்களோ?"

"இல்லை ரீச்சர். நான் உங்கை வரேல்லை. உங்கடை பற்றரி இஞ்சை என்ரை மேசையிலைதான் கிடக்கு."

"ஏன் கேக்கிறன் எண்டால், இப்பதான் பூட்டு விழுந்தது," என்றார். "நாலு கதவும்."

நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சில அலாமில் சைரனுக்குள் சின்னதாகத் தனிப் பற்றரி இருக்கும் என்று சொல்வீர்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். அந்தத் துண்டுப் பற்றரி கூவும், கதவுப் பூட்டை இழுக்க அதற்குச் சக்தி கிடையாது, நான்கு கதவையும் இழுக்கவே இழுக்காது. காற்றில் றோலர் கதவு தட்டியிருக்கும் என்பீர்கள். மழைக்குப் பிறகு தகரம் சுருங்கும் என்பீர்கள். வேறு ஆள் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இது ஒரு பிள்ளை சுருதியிலிருந்து இம்மி விலகினாலும் எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்கிற காது. மேசையைப் பார்த்தேன். பற்றரி அங்கேதான் இருந்தது.

அப்படி நடக்காது ரீச்சர் என்று சொல்ல வாய் உன்னியது. முதல் நாள் நான் ஒருதரம் சொன்னேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது போதும். எனக்கு அந்த வீட்டில் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று பட்டது.

"விளக்கு எங்கை வைச்சிருக்கிறியள் ரீச்சர்?" என்று மட்டும் கேட்டேன்.

"கேற்றடியிலைதான் தம்பி," என்றார். "நீங்கள்தானே சொன்னியள், அவருக்கு வழி தெரியவேணும் எண்டு."